ஒரு வெள்ளிக்கு எத்தனை வெள்ளி நன்மை?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூன், செம்பவாங் வட்டாரத்தில் முப்பது குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் கொஞ்சம் போட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 வெள்ளி சேர்க்கிறோம். பெரும்பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது. எட்டு கிராமங்களில் மாலைநேரத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறார்கள், பெண்களுக்குத் தையல் பயிற்சியும் இயந்திரமும் தருகிறார்கள். மீதிப் பணம் கிளிநொச்சியில் ஒரு பெண்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு, கறவை மாடு வாங்கக் கடன் கொடுக்கும் சுழல்நிதியாகப் போகிறது. ஆண்டறிக்கைகளில் ‘640 மாணவர்கள் பயனடைந்தனர்’, ‘60 தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன’, ‘கடன் 100 விழுக்காடு திரும்பியது’ என்று வருகிறது. அடுத்த ஆண்டு இன்னும் நான்கு கிராமங்களுக்கு நிதி கேட்கிறார்கள். வங்கியில் வேலை செய்யும் எங்கள் உறுப்பினர் ஒருவர், “ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். நாம் போடும் ஒரு வெள்ளிக்கு எத்தனை வெள்ளி சமூகப் பயன் என்று காட்டுங்கள்” என்கிறார். அந்தக் கணக்கைப் போட்டுத்தர ஓர் ஆய்வு நிறுவனம் 9,000 வெள்ளி கேட்கிறது. வேறு சிலரோ, “தர்மம் செய்துவிட்டுக் கணக்குப் பார்ப்பதா?” என்று கோபப்படுகிறார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். இந்தச் செலவு தேவையா? இல்லையென்றால் நாங்களே எப்படி அளப்பது? இந்தத் தீபாவளிக்குப் பொதுமக்களிடமும் நிதி திரட்டலாமா?

பொருளாளர், ஈசூன்

பதில்: அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு,

அந்த 9,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். அறப்பணித் திட்டங்களை மதிப்பிடுவதுதான் என் தொழில். சொந்தப் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறானே என்று சக தொழிலர்கள் திட்டினால் திட்டட்டும். அது உங்கள் ஆண்டு நிதியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு ஈடாகக் கையில் கிடைக்கப்போவது ஒரே ஓர் எண். அந்த எண்ணை வைத்து நீங்கள் எந்த முடிவும் எடுக்க முடியாது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் இயந்திரமும் சேர்த்து 15,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். அவர் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கிறார், இது ஐந்து ஆண்டு நீடிக்கும், முழுப் பெருமையும் நமக்கே என்று எழுதினால் பயன் 1,80,000 ரூபாய். ஒரு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய்! இப்போது அதே பெண்ணைக் கொஞ்சம் நேர்மையாகப் பார்ப்போம். தைக்க உட்கார்ந்ததால் வயல்வேலைக்குப் போகவில்லை, அதில் 1,500 போயிற்று. இயந்திரம் ஒழுங்காக ஓடியது இரண்டு ஆண்டு. நாம் தராவிட்டாலும் பாதிப் பேர் எப்படியோ ஓர் இயந்திரம் வாங்கியிருப்பார்கள். இப்போது பயன் 18,000, அதாவது ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் இருபது காசு. இந்தத் தொகைகள் நான் கற்பனையாக எடுத்துக்கொண்டவைதான். ஆனால் நடப்பது இப்படித்தான். பெண்ணும் இயந்திரமும் ஊரும் மாறவில்லை, மேசையில் உட்கார்ந்து எழுதிய அனுமானம் மட்டும் மாறியது. விடை பத்து மடங்கு மாறிவிட்டது. அனுமானங்களை ஒளிக்காமல் அட்டவணை போட்டுக் காட்டும் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிக்கையில்கூட அட்டவணையை யாரும் படிப்பதில்லை, முதல் பக்கத்து எண்ணைத்தான் எல்லாரும் பகிர்கிறார்கள்.

உங்கள் வங்கி நண்பரின் எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. லாபத்தோடு சமூகப் பயனையும் தேடும் முதலீடுகள் இப்போது பெரிய துறை. 2017இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலேயே பெண்கள் வாழ்வாதாரத்துக்கான கடன்பத்திரம் ஒன்று பட்டியலிடப்பட்டது. அத்தகைய முதலீடுகளில் அளப்பதற்கென்றே ஆளும் பணமும் ஒதுக்கியிருப்பார்கள். 45,000 வெள்ளிக்கு அந்தச் சட்டை பொருந்தாது.

சிறிய குழு எதையும் நிரூபிக்க முயல வேண்டியதில்லை என்பது என் கருத்து. நிரூபணம் செலவு மிகுந்த வேலை. அதைப் பெரிய ஆய்வாளர்கள் பல கிராமங்களில், பல்லாயிரம் குடும்பங்களில் ஏற்கெனவே செய்து, விடைகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். அதை நீங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் குழு பார்க்க வேண்டியது, பலனுண்டு என்று வேறிடத்தில் தெரிந்த வேலை உங்கள் கிராமத்தில் ஒழுங்காக நடக்கிறதா, அடுத்த ஆண்டு எதை மாற்ற வேண்டும் என்பதை மட்டுமே.

துணைப்பாட வகுப்பிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் பணத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. ‘640 மாணவர்கள் பயனடைந்தனர்’ என்பதில் ‘பயனடைந்தனர்’ இருக்கட்டும், அந்த 640 யார்? பதிவேட்டில் பெயர் எழுதியவர்களா, வாரத்தில் நான்கு நாளாவது வந்தவர்களா? ஜூனில் சேர்ந்து ஆகஸ்டில் நின்றவரும் கணக்கில் உண்டா? இதைக் கேட்க 9,000 வெள்ளி வேண்டாம். ஏதாவது இரண்டு மையங்களின் ஒரு மாத வருகைப் பதிவேட்டைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னால் போதும். பல திட்டங்களில் கதை இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது கடினமான கேள்வி: நாம் இல்லாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. கொவிட்-19 காலத்தில் அங்கே தொடக்கப் பள்ளிகள் ஏறத்தாழ 18 மாதம் மூடிக் கிடந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து, கற்றல் எவ்வளவு பின்தங்கியது, பிறகு எவ்வளவு மீண்டது என்று பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அரசு 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலைநேர வகுப்புகளால் வந்தது என்று கணித்தார்கள்.

இப்போது யோசியுங்கள். அந்த ஆறு மாதத்தில் உங்கள் அறக்கட்டளை மையம் திறந்து, முன்னும் பின்னும் தேர்வு வைத்திருந்தால், பிள்ளைகள் அபாரமாக முன்னேறியதாகத்தான் தாள் காட்டியிருக்கும். தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி பள்ளிக்கூடம் திறந்ததால் வந்தது, ஒரு பகுதி அதே தெருவில் நடந்த அரசு வகுப்பால் வந்தது. உங்கள் பங்கு எவ்வளவு என்று அந்தத் தாளால் சொல்ல முடியாது. சாதாரண ஆண்டுகளிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அடுத்த மார்ச்சுக்குள் கூடுதலாக வாசிக்கத்தான் செய்யும். அதனால்தான் வெறும் ‘முன்பு, பின்பு’ படங்களை நான் நம்புவதில்லை.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? வேண்டும், வேறு காரணத்துக்காக. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பார்க்க 2005 முதல் நடத்தும் ‘அசர்’ ஆய்வின் வாசிப்புத் தாள் ஒரே பக்கம்தான். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சிறு கதை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்கள். கணக்குக்கும் இப்படி ஒரு தாள் உண்டு: எண் அறிதல், கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். தமிழிலும் கிடைக்கிறது.

பள்ளி திறக்கும் ஜூனில் ஒருமுறை, ஆண்டு முடியும் முன் மார்ச்சில் ஒருமுறை, பதிவேட்டில் ஒவ்வொரு நான்காவது பெயராகப் பொறுக்கி எடுத்த பிள்ளைகளிடம் இதை நடத்தச் சொல்லுங்கள். நடத்துபவர் அந்த மையத்தின் ஆசிரியராக இருக்கக் கூடாது. பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர்களுக்குப் பேருந்துச் செலவும் சாப்பாடும் கொடுத்தால் செய்வார்கள். ஆசிரியரே தன் பிள்ளைகளைச் சோதித்தால், இரண்டு ஆண்டில் அந்த ஒரு பக்கம் மட்டும் நன்றாகக் கற்பிக்கப்படும். இடையில் நின்றுபோன பிள்ளைகளையும் வீட்டுக்குப் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களை விட்டுவிட்டால் சராசரி தானாகவே ஏறிவிடும்.

விடை வந்ததும் சராசரியைப் பார்க்காதீர்கள். ஜூனில் எழுத்திலேயே நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் மார்ச்சிலும் அங்கேயே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் நின்றால், வகுப்பு நடக்கும் முறையை மாற்ற வேண்டும். இங்கேதான் கடன் வாங்கிய சான்று கைகொடுக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே மறுபடி சொல்லித் தருவதைவிட, வயதை விட்டுவிட்டு வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்துச் சொல்லித் தருவது பலன் தருகிறது என்பதைப் பிரதம் அமைப்போடு சேர்ந்து மும்பை, வடோதரா தொடங்கிப் பல இடங்களில் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 2019இல் பொருளியல் நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரின் பணிகளில் இது முக்கியமானது. அவர்களோடு பரிசைப் பகிர்ந்த மைக்கேல் கிரமர், கென்யாவில் பாடநூல் கொடுத்ததன் பலனைச் சக ஆய்வாளர்களோடு அளந்தார். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டுமே நூல் உதவியது. ஆங்கிலத்தில் இருந்த அந்த நூலை மற்றவர்களால் வாசிக்கவே முடியவில்லை. உங்கள் அறிக்கையில் அடுத்த முறை ‘இத்தனை கையேடுகள் வழங்கினோம்’ என்று வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கேட்கும் நான்கு கிராமங்களைப் பற்றி ஒரு யோசனை. எட்டு கிராமங்கள் கேட்டு, நான்குக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், யாருக்கு வேண்டியவர் எந்த ஊர் என்று பார்க்காமல் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். எட்டு ஊரிலும் தேர்வு வையுங்கள். அடுத்த மார்ச்சில் ஒப்பிட ஏதோ ஒன்று கையில் இருக்கும். நான்குக்கு நான்கு என்பது மிகக் குறைவு, ஒரு நல்ல தலைமையாசிரியர் வந்தாலே ஓர் ஊரின் விடை தலைகீழாகிவிடும். அதனால் அதை நிரூபணம் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள்.

தையல் இயந்திரத்துக்கு வருவோம். அறுபது வழங்கப்பட்டன என்பது கடைக்காரர் பில்லிலேயே தெரியும். கொடுத்து எட்டு மாதம் கழித்து, அறக்கட்டளையைச் சேராத ஒரு பெண் பதினைந்து பேரிடம் தொலைபேசியில் பேசட்டும். “பயனடைந்தீர்களா?” என்று மட்டும் கேட்க வேண்டாம். “ஆமாம்மா, ரொம்ப உதவியா இருக்கு” என்பதைத் தவிர வேறு பதில் வராது. இன்னும் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையும், கொடுத்தவரை நோகடிக்கக் கூடாது என்ற நாகரிகமும் அதில் கலந்திருக்கும். “போன வாரம் என்ன தைத்தீர்கள்? யாருக்கு? கூலி எவ்வளவு? நூலுக்கும் கொக்கிக்கும் எவ்வளவு போனது? பழுதானால் யார் பார்க்கிறார்? தைக்கத் தொடங்கிய பிறகு எந்த வேலைக்குப் போவதை நிறுத்தினீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். நடந்ததைக் கேட்டால் மிகைப்படுத்துவது கடினம்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்க சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசுத் திட்டமே இருக்கிறது. உங்கள் அறுபது பேரில் எத்தனை பேர் அதற்குத் தகுதியானவர்கள்? பலர் என்றால், விண்ணப்பம் எழுதித் தர ஓர் ஆளை வைப்பது மலிவு. அதில் மிஞ்சும் பணத்தைப் பயிற்சியை நீட்டிக்கவோ, பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் அவர்களைச் சேர்த்துவிடவோ செலவிடலாம். பெரும்பாலும் முட்டுக்கட்டை இயந்திரத்தில் இருப்பதில்லை. ஒரு சிறிய கிராமத்தில் இருபது பேருக்கு ரவிக்கை தைக்கத் தெரிந்தால் ரவிக்கைக் கூலி இறங்கும், அவ்வளவுதான்.

கிளிநொச்சிக் கடன்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. காரணம், நீங்கள் எல்லாரும் பெருமைப்படும் அந்த 100 விழுக்காடு. போர் 2009இல் முடிந்தபின் இலங்கையின் வடக்கு, கிழக்கில் ஏழைகளுக்குச் சிறு தொகைக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக நுழைந்தன. வாரத் தவணை, கடும் வட்டி, வீட்டு வாசலில் வசூல். ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றில் கடன் வாங்கிய பெண்கள் ஏராளம். நிலைமை முற்றி, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசே அறிவிக்க நேர்ந்தது. பிறகு 2022 பொருளாதார நெருக்கடி வந்தது, மாட்டுத் தீவனத்துக்கே திண்டாட்டம். அப்படிப்பட்ட ஆண்டுகளிலும் ஒருவர்கூடத் தவணை தவறவில்லை என்றால், பணம் பாலிலிருந்துதான் வந்ததா என்று கேட்க வேண்டும்.

திருப்பிச் செலுத்தும் விகிதம் கடன் கொடுத்தவரின் நலத்தைக் காட்டும் அளவு. கடன் வாங்கியவரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று அது காட்டாது. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கே முதலில் நுண்கடன் கிளை திறந்து ஆய்வு செய்தார்கள். சிலர் புதிதாகத் தொழில் தொடங்கினார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு லாபம் கூடியது. பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு உள்ள மதிப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. அந்த ஆய்வைச் செய்தவர்களிலும் பானர்ஜி, டஃப்லோ இருவரும் உண்டு. நுண்கடன் தீமை என்று இதற்குப் பொருள் இல்லை. அது ஏழ்மையை ஒழிக்கும் என்று மேடையில் பேசுவதற்கு ஆதாரம் போதாது.

ஆகவே சங்கத்திடம் கேட்க வேண்டியவை வேறு. மாடு இன்னும் நிற்கிறதா, விற்றாயிற்றா? பால் யாருக்குப் போகிறது, நாளைக்கு எத்தனை லீட்டர்? தவணை கட்ட வேறெங்காவது கடன் வாங்கினாரா, நகை அடகு வைத்தாரா? இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வர வேண்டுமென்றால், தவணை தவறினால் நிதி நின்றுவிடும் என்ற பயம் முதலில் போக வேண்டும். மாடு செத்தாலோ கறவை வற்றினாலோ ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் ‘திரும்பியது 93 விழுக்காடு, நால்வருக்குத் தவணை தள்ளிவைப்பு’ என்று வந்தால் நான் அதை 100ஐவிட அதிகம் நம்புவேன். வங்கி நண்பருக்கு இது முதலில் உறைக்காது. வாராக்கடனே இல்லாத கிளையைத் தணிக்கையாளர் எப்படிப் பார்ப்பார் என்று அவரிடமே கேளுங்கள்.

“தர்மம் செய்துவிட்டுக் கணக்கா?” என்பவர்களுக்கு உங்கள் கூட்டத்தில் ஒன்றைச் சொல்லலாம். அந்தப் பிள்ளை பகலெல்லாம் பள்ளியில் இருந்துவிட்டு, மாலையில் விளையாடப் போகாமல் நம் வகுப்பில் உட்காருகிறது. அதன் நேரம் வீணாகிறதா என்று பார்ப்பது கொடுத்தவரின் கஞ்சத்தனம் ஆகாது.

அதற்காக டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போய், மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்ற பிள்ளைகள் பாடிய பாட்டைக் கைப்பேசியில் பதிந்து வருவதை மதிப்பீடு என்று நினைத்துவிட வேண்டாம். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் ஏதாவதொரு வேலைநாள் மாலையில், அறக்கட்டளைக்குத் தெரிந்தே, விழா ஏதும் இல்லாமல், ஒரு மையத்தின் கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகளின் படத்தையும் முழுப் பெயரையும் அறிக்கையில் போடக் கேட்காதீர்கள்.

அளப்பதற்கான செலவை அறக்கட்டளையின் தலையில் கட்டுவதும் சரியல்ல. இரண்டு, மூன்று ஊழியர்கள் வைத்திருக்கும் அமைப்பு, ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒவ்வொரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தால் வகுப்பை யார் பார்ப்பது? வேறு கொடையாளருக்கு ஏற்கெனவே அனுப்பும் அறிக்கையை அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தேர்வுக்கும் தொலைபேசி விசாரிப்புக்கும் 2,000 வெள்ளி தனியே கொடுங்கள், தாராளமாகப் போதும். ‘எங்கள் நிர்வாகச் செலவு வெறும் 6 விழுக்காடு’ என்பது போன்ற பெருமைக்கும் மயங்காதீர்கள். அது நாணயத்தின் அறிகுறியாக இருக்கலாம், ஆசிரியருக்குச் சம்பளம் குறைவாகத் தருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

தீபாவளி நிதித் திரட்டை இப்போதைக்கு நிறுத்துங்கள் என்பேன். உங்களுக்குள் போட்டுக்கொள்வது வேறு, பொதுமக்களிடம் கேட்பது வேறு. வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் திரட்ட, அறநிறுவனங்களுக்கான ஆணையரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். திரட்டியதில் செலவு போக மிஞ்சுவதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி, விலக்கு அளிப்பது ஆணையரின் முடிவு. வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் பரவும்படி வேண்டுகோள் அனுப்புவதும் பொதுமக்களிடம் கேட்பதாகிவிடலாம், கவனம்.

இந்தியப் பக்கத்தையும் இந்த வாரமே சரிபாருங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்புதான் உங்கள் பணத்தை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வேறோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. இந்தியக் குடியுரிமை உள்ள உறுப்பினர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் அனுப்பினால், வெளிநாட்டு இந்தியர் அட்டை (ஓசிஐ) வைத்திருந்தாலும், ஆகும். முப்பது குடும்பங்களில் யார் யார் எந்தக் குடியுரிமை என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, அறக்கட்டளையின் பதிவுச் சான்றிதழ் நகலையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். கிராமக் குழுக்களுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுத்து வகுப்பு நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், ஜூன் தேர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்கள் தங்கள் கணக்காய்வாளரைப் பார்க்க வேண்டும்.